விமானத்துக்காக மாற்றிய முறை

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்து, வயல்வெளிக்கு நடுவில் ஒன்றிரண்டு கூரைகள் எழும்பிய காலம் அது. அங்கே இரும்புத் தகடு வெட்டும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு ஸ்டோர் வேலை. எங்கள் குடும்பம் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பம். எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டதால் நான் மட்டும் கரையேறிவிட்டேன். வலையும் படகும் அண்ணனோடு நின்றன.

மார்கழி மாதம். விடியற்காலையில் கோயிலில் பொங்கல் வாங்கி மடித்துக்கொண்டு வேலைக்குப் போவேன். அப்படிப் போன ஒரு நாள், முதலாளி கூப்பிட்டு, "உங்க ஊர் ஏரியில மீன் நல்லா கிடைக்கும்னு சொல்வியே, ஒரு படகு ஏற்பாடு பண்ண முடியுமா?" என்றார்.

அவருடைய மச்சினர் லண்டனில் இருந்தார். கிறிஸ்துமஸ் லீவில் ஒரு வெள்ளைக்கார சிநேகிதரோடு ஊர் சுற்ற வருகிறார். அந்த வெள்ளைக்காரருக்கு மீன் பிடிப்பதென்றால் உயிராம். போகிற ஊரெல்லாம் தூண்டிலைத் தூக்கிக்கொண்டே போவாராம். புதன்கிழமை சாயங்காலம் டெல்லியிலிருந்து விமானத்தில் மீனம்பாக்கம் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலோனுக்கு வேறு விமானம். நடுவில் இருப்பது வியாழக்கிழமை ஒன்றுதான்.

"மீன் நிச்சயமா மாட்டணும்பா. சும்மா தண்ணியில சுத்திட்டு வர்றதுக்கு இல்ல" என்றார் முதலாளி.

"ஆகட்டுங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். முதலாளி கேட்டு முடியாது என்று சொல்லத் தெரியாத வயசு. ஆனால் சும்மா தலையாட்டவில்லை. அந்த வியாழக்கிழமைதான் எங்கள் அண்ணனுடைய முறை என்று எனக்குத் தெரியும்.

ஏரியில் நல்ல இடம் எல்லோருக்கும் சொந்தம். அதனாலேயே தினமும் எல்லோரும் போய்விட முடியாது. கடலுக்குத் தண்ணீர் ஓடுகிற வழியில், எறா, அதாவது இறால், இறங்கி வரும் இடங்கள் சில உண்டு. அங்கே வலை கட்டுவதற்குக் குடும்பத்துக்குக் குடும்பம் முறை வைத்திருப்பார்கள். பாடு என்று பெயர். அவரவர் நாளில் அவரவர் மட்டும்தான் அங்கே போகலாம். நம் நாளைத் தவறவிட்டால் போனது போனதுதான். சுற்று முடிந்து மறுபடி வருகிற வரைக்கும் ஓரத்தில் கிடைக்கிற பொடிமீனைப் பிடித்துத்தான் அடுப்பெரிக்க வேண்டும்.

அண்ணனுக்கு முந்தின முறை புயல் மழையில் போய்விட்டது. வலையும் கிழிந்தது. பொங்கலுக்கு முன்னால் அவர்களுக்கு இருந்தது இந்த ஒரு முறைதான். அதனால்தான் சொல்கிறேன், அது சாதாரண வியாழக்கிழமை அல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ச் சொன்னேன். அண்ணன் வலைக்குக் கயிறு கோத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அவுங்க பாட்டுக்கு ஒரு ஓரமா குந்திக்கினு தூண்டில் போட்டா எனக்கு இன்னா? நான் என் வலைய கட்டப் போறேன். காலையில நேரத்துக்கு வந்துடணும், அவ்ளோதான். தண்ணி யாருக்கும் நிக்காது."

அண்ணிதான் முகத்தைச் சுளித்தார். "வெள்ளைக்காரன் ஏறினா படகு தாங்குமா தம்பி? நல்லா தின்னுட்டு தடியா இருப்பானுங்களே."

"தாங்கும் அண்ணி."

"செருப்போட ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டியா?"

"சொல்றேன்."

"இங்கிலீசுல சொல்லத் தெரியுமா?"

அண்ணன் சிரித்துவிட்டார். பிறகு மூவருமாக அம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினோம். முறைக்குப் போகுமுன் ஏற்றுவது வழக்கம். அண்ணன் அன்றைக்கு, "விருந்தாளிங்கள ஏத்திக்கினு போறேன் தாயே, கூட இருந்து பாத்துக்க" என்று வாய்விட்டுச் சொன்னார். அம்மன் முன்னால் சொன்ன வார்த்தை ஆகிவிட்டது. அப்போது எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. ஏரி, முறை, விமானம், லீவு எல்லாம் ஒரே நாளில் வந்து பொருந்தியிருக்கிறதே, ஆத்தாள் போட்ட கணக்கு என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதலாளி மறுபடி கூப்பிட்டார். டெல்லியில் பனி கொட்டுகிறதாம். விமானம் இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. புதன்கிழமை வர வேண்டியவர்கள் வியாழன் சாயங்காலம்தான் வருவார்களாம். "ஒண்ணும் பிரச்சனை இல்ல. வெள்ளிக்கிழமை காலையில வச்சிக்கலாம். சாயங்காலம்தானே சிலோன் பிளேன்?" என்றார். அவருக்கு அது காலண்டரில் ஒரு கட்டம் தள்ளுகிற வேலை.

ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பப் பர்மிஷன் கேட்டு, பாசஞ்சர் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே பழவேற்காடு போனேன். பஸ் நிறைய காலிக் கூடைகள். உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர், "மேல சாயாத நைனா" என்று இரண்டு முறை சொன்னார். சாய்ந்துகொண்டுதான் இருந்தேன் போல.

வெள்ளிக்கிழமை முறை எங்கள் ஊர் மேலத்தெருக்காரர் ஒருவருடையது. எனக்கு மாமா முறை. வாய் பெரிசு, மனசு எப்படி என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அவரிடம் நேராகப் போய், "மாமா, உங்க வெள்ளிக்கிழமைய அண்ணனுக்குக் குடுத்துட்டு, அண்ணன் வியாழக்கிழமைய நீங்க எடுத்துக்க முடியுமா?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க ஊட்ல யாரு செத்தது?"

"யாரும் சாகல மாமா."

"பின்ன எதுக்கு முறைய மாத்தற?"

விஷயம் அதுதான். எங்கள் ஊரில் முறை மாற்றுவது சாவுக்கு, பிரசவத்துக்கு, அம்மை போட்ட வீட்டுக்கு மட்டும். தீட்டு வீட்டுக்காரன் ஏரியில் இறங்கக் கூடாது என்பதால் மற்றவன் தன் நாளை விட்டுக் கொடுப்பான். வேறு எதற்கும் மாற்றியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. மாமா தனியாக முடிவு பண்ண மாட்டேன் என்று நாட்டாரிடம் இழுத்துக்கொண்டு போனார். ஊர்ப் பெரியவரை நாங்கள் நாட்டார் என்போம். கோயில் எதிரில் வலை காய்கிற மணலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அண்ணனும் வந்து ஓரமாக நின்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டெல்லி, பனி, விமானம்.

"பனி பேஞ்சா அதுக்கு இன்னா, லைட்டு போட்டுக்கினு வர வேண்டியதுதானே?" என்றார் ஒருவர்.

"நம்ம படகு பனியில போவலியா?" என்றார் இன்னொருவர்.

"நீ முட்டினா கரையில முட்டுவ. அவன் முட்டினா?"

நாட்டார் கையைத் தூக்கி அடக்கினார். "சாவு, பிரசவம், அம்மை. இதுல பிளேன் எதுல சேரும், நீங்களே சொல்லுங்க."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பிளேனுக்கு அம்மை போட்டுருக்குன்னு வச்சிக்கலாம் நாட்டாரே. அதான் எறங்காம படுத்துக்கினு இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிக்க முடியவில்லை. காலையில் சாப்பிட்ட பொங்கலோடு நிற்கிறேன், கால் இரண்டும் கடுக்கிறது, சிரிக்கிறவர்களைப் பார்த்தபடி நிற்கிறேன்.

மாமா அதற்குள் மனசுக்குள் வேறு கணக்குப் போட்டிருந்தார். அமாவாசையை ஒட்டி எறா இறக்கம் அதிகம். நாள் தள்ளத் தள்ளக் குறையும். வியாழக்கிழமை வெள்ளிக்கிழமையை விட நல்ல நாள். "எனக்கு ஆட்சேபணை இல்ல நாட்டாரே. அமாவாசைக்குக் கிட்டக்க இருக்குற நாளு. கசக்குதா எனக்கு?" என்று ஒளிக்காமல் சொன்னார்.

நாட்டார் அண்ணனைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற?"

நான் அண்ணனைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்தேன்.

"தம்பி சொல்லிட்டான். நானும் அம்மன்கிட்ட சொல்லிட்டேன், விருந்தாளிய ஏத்திக்கினு போறேன்னு" என்றார் அண்ணன். "மாத்திக்கிறேன்."

"மாத்தினா மாத்தினதுதான். திருப்பி வந்து நிக்கக் கூடாது" என்றார் நாட்டார். இருவரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அண்ணிக்குச் சேதி போய்விட்டது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் பின்பக்கம் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸ் போனில் முதலாளி விசாரித்தார். விமானம் டெல்லியை விட்டுக் கிளம்பிவிட்டதாம். "ராத்திரி ஓட்டல்ல தங்கிட்டு விடியறப்ப கார்ல புறப்பட்டுடுவாங்க. நீ போய் ரெடியா இரு" என்றார். சிறுவாபுரி இருக்கும் திசையைப் பார்த்து, முருகா, அந்த இயந்திரத்தைக் கீழே பத்திரமாக இறக்கிவிடு, நேரத்தோடு இறக்கிவிடு என்று கும்பிட்டுக்கொண்டேன். விமானத்துக்காக அதற்கு முன்னும் வேண்டிக்கொண்டதில்லை, பிறகும் இல்லை.

நான் ஊர் போய்ச் சேரும்போது மாமாவின் படகு கரையில் இருந்தது. அன்றைக்கு அவருக்கு வலை கொள்ளாத எறா. கூடை போதாமல் வீட்டுப் பாத்திரங்களில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வாசலில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா போகிற போக்கில், "மாப்ள, உன் வெள்ளைக்காரன் புண்ணியம்!" என்று கத்தினார். பிறகு அவர் வீட்டிலிருந்து ஒரு முறம் எறா வந்தது. அண்ணி அதைத் திருப்பி அனுப்பவில்லை. சமைக்கவும் இல்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

"இன்னா தம்பி, பிளேன் எறங்குச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"கெளம்பிடுச்சாம் அண்ணி."

"கெளம்பறது எல்லாம் எறங்காது."

வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் குளித்து விளக்கேற்றி, பூசை முடிக்காமல் நான் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. இருட்டு பிரியுமுன் குளித்து அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சாலைக்கு வந்து நின்றேன். கார் வருகிற வழி அதுதான். ஒரு பஸ் வந்தது. பிறகு மாட்டு வண்டி ஒன்று. பிறகு சைக்கிளில் நாஷ்டா கடைக்காரன். வெயில் ஏறியது. திரும்பிக் கரைக்கு ஓடினேன்.

அண்ணன் படகில் வலையை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட வருகிற இரண்டு பேரும் பீடியை அணைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரியில் தண்ணீர் ஏறி முடிந்து அசையாமல் நின்றது. அது வற்றத் தொடங்கும்போது எறா கடலைப் பார்த்து ஓடும். அதற்குள் போய்க் கழி நட்டு வலை கட்டி முடித்திருக்க வேண்டும். அப்புறம் போனால் வெறும் தண்ணீரை வடிகட்டலாம்.

"வந்தாங்களா?" என்றார் அண்ணன்.

"இல்ல."

"கொஞ்சம் பாப்போம்."

கூட இருந்தவர்களில் ஒருவர் எனக்குச் சித்தப்பா முறை. "டேய், உங்க அண்ணன் கிட்ட சொல்லு. நேத்து நாளு போச்சு. இன்னிக்கும் போனா பொங்கலுக்கு இன்னாத்த வைக்கிறது? பேஜாரா இருக்குது" என்றார்.

"வார்த்தை குடுத்துட்டேன் சித்தப்பா" என்றார் அண்ணன். "தம்பிக்கு அங்க வேல இருக்குது. முதலாளி மொகத்துல அவன் முழிக்கணும்."

மறுபடி சாலைக்கு ஓடினேன். கார் இல்லை. மறுபடி கரைக்கு வந்தேன். கரை ஓரத்தில் மிதந்த ஒரு தென்னை மட்டை மெதுவாகக் கடல் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். தண்ணீர் யோசிக்க ஆரம்பித்துவிட்டது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

வயிறு காலி. உடம்பு முழுக்க அலுப்பு. அந்த அலுப்பில் பயம் இருக்க இடமில்லாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன். படகைக் கட்டியிருந்த கயிற்றை நானே அவிழ்த்துப் படகுக்குள் போட்டேன்.

"இன்னாடா பண்ற?" என்றார் அண்ணன்.

"நீ போ அண்ணே."

"உன் முதலாளி?"

"நான் பேசிக்கிறேன்."

"அம்மன்கிட்ட சொல்லியிருக்கேன்டா."

"விருந்தாளிய நான் ஏத்திக்கினு வரேன். வேற படகுல. யாரு ஏத்தினா ஆத்தாளுக்கு இன்னா? நீ போ."

அவர் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா கழியை ஊன்றித் தள்ளிவிட்டார். படகு நகர்ந்தது. அண்ணன் எழுந்து தானும் ஒரு கழியை எடுத்து, திரும்பிப் பார்க்காமல் வேகமாகத் தள்ள ஆரம்பித்தார். அந்த வேகத்தைப் பார்த்தபோதுதான் அவர் மனசு எவ்வளவு நேரமாக அங்கே போய்விட்டிருந்தது என்று புரிந்தது.

கார் வந்தபோது நன்றாக வெயில். விமானம் நடுவில் ஐதராபாத்தில் இறங்கி நின்றுவிட்டதாம். விடியும்போதுதான் மீனம்பாக்கம் வந்ததாம். ஓட்டலுக்குக்கூடப் போகாமல் நேராக வருகிறார்கள். முதலாளியின் மச்சினர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். வெள்ளைக்காரர் உயரமாக, ஒல்லியாக, கண்ணெல்லாம் சிவந்து நின்றார். அண்ணி பயந்த மாதிரி தடியாக இல்லை. கையில் துணிப்பை போட்ட தூண்டில்.

"படகு எங்கப்பா?" என்றார் மச்சினர்.

தூரத்தில் கைகாட்டினேன். அண்ணனின் படகு கழிகளுக்கு நடுவில் பொட்டாகத் தெரிந்தது.

"கூப்பிடு."

"முடியாதுங்க. வலை கட்டியாச்சு. தண்ணி வத்தற வரைக்கும் விட்டுட்டு வர முடியாது."

"எங்களுக்காகத்தானே ஏற்பாடு? அத்தனை தூரத்திலிருந்து வந்திருக்கோம்."

"ஆமாங்க. அவங்களுக்கு இன்னிக்கு விட்டா நாள் கிடையாதுங்க." வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "பக்கத்து வீட்டுச் சின்னப் படகு ஒண்ணு கேட்டு வச்சிருக்கேன். ஏறுங்க."

அவர் முகம் கறுத்தது. வெள்ளைக்காரர் ஏதோ கேட்டார். இவர் பதில் சொன்னார். வெள்ளைக்காரர் தலையை ஆட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சேறு ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு ஒரு வேலை மிச்சம்.

கழி பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஸ்டோரில் ரசீது எழுதிய கை. கொஞ்ச தூரத்திலேயே உள்ளங்கை கன்றிவிட்டது. முறை இல்லாத பொது வாய்க்கால் ஒன்று உண்டு, அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். வெள்ளைக்காரர் தூண்டிலை நேர்த்தியாக வீசினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மச்சினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்கால விமானத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் படகின் விளிம்பில் தலையைச் சாய்த்தார், தூங்கிவிட்டார். சற்று நேரத்தில் வெள்ளைக்காரரும் தொப்பியைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு மல்லாந்துவிட்டார். தூண்டில் கைநழுவப் பார்த்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

மூன்று பேரில் விழித்திருந்தது நான் ஒருவன். எத்தனையோ கடல் தாண்டி, மேகத்தின் மேலே பறந்து வந்தவர்கள், ஏரியைக் கண்ணால் பார்க்காமல் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. அவர்கள் முகத்தில் வெயில் படாதபடி படகைத் திருப்பி நிறுத்தினேன்.

தூண்டில் வெடுக்கென்று இழுத்தது. அதில் நரம்பு சுற்றியிருந்த சக்கரத்தை எப்படிச் சுற்றுவது என்று எனக்குத் தெரியாது. நரம்பைக் கையாலேயே மாற்றி மாற்றி இழுத்தேன். ஒரு கெளுத்தி. முள்ளைப் பார்த்துப் பிடித்துப் படகில் போட்டதும் அது துள்ளிய சத்தத்தில் வெள்ளைக்காரர் எழுந்தார். மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் சுற்றியிருந்த நரம்பைப் பார்த்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மச்சினரை எழுப்பி அந்த மீனோடு ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். மீனைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை, என் கையில் கொடுத்து என் பக்கத்தில் நின்றார். அந்தப் போட்டோ எனக்கு வந்து சேரவில்லை.

அவர்கள் போன பிறகுதான் அண்ணன் கரைக்கு வந்தார். நான் மாமாவின் நாளை நினைத்துக்கொண்டு கூடைகளை எண்ணப் பயந்து நின்றேன். மாமாவுக்கு வந்த அளவு இல்லை; பாதிக்கும் கொஞ்சம் கூட இருக்கும். அண்ணி குனிந்து கையால் அளைந்து பார்த்தார். பெரிதும் சிறிதுமாகத்தான் இருந்தது. "பொங்கல ஓட்டிடலாம்" என்றார். அது என்னிடம் சொன்னதா, எறாவிடம் சொன்னதா தெரியவில்லை. பிறகு என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மஞ்சளும் எண்ணெயும் கொண்டுவந்தார். சாப்பாடும் போட்டார். அன்றைக்குச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை முதலாளி முகத்தில் விழித்தேன். மச்சினர் போனில் எல்லாம் சொல்லியிருந்தார். "உனக்கு யாரு முக்கியம்னு இப்பத் தெரிஞ்சிடுச்சு" என்றார் முதலாளி. அந்த மாசம் முழுக்க அவர் என்னை வேலை சம்பந்தமாகத் தவிரக் கூப்பிடவில்லை. வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. ஆத்தாள் காப்பாற்றினாள் என்றுதான் சொல்வேன்.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடியும்போது மறுபடி கூப்பிட்டார். வெள்ளைக்காரர் கடுதாசி போட்டிருக்கிறாராம். வந்ததிலேயே அந்தப் படகில் தூங்கியதுதான் நல்ல தூக்கமாம், மறுபடி வர வேண்டுமாம். இந்த முறை பெரிய படகிலேயே போக வேண்டுமாம்.

"எந்த தேதிக்கு டிக்கெட் எடுக்கலாம்னு கேக்கறாங்க" என்றார்.

முந்தின வருஷமாக இருந்தால் ஆகட்டுங்க ஐயா என்றிருப்பேன். "ஐயா, முதல்ல ஊர்ல முறை எந்த நாளு விழுதுன்னு கேட்டுட்டு வரேன். அதுக்கப்புறம் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க. முன்னாடியே ரெண்டு நாள் வந்து தங்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டு என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

முதலாளி பேனாவை மூடினார். "சரி, கேட்டுட்டு வா" என்றார்.

அன்றைக்கும் பழவேற்காட்டு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.